அப்பாவின் மருத்துவ அட்டையை ரத்துச் செய்துவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும் உண்டு. அம்மாவுக்கு 57. அப்பாவின் மருத்துவ அட்டைக்கான (தனியார் காப்புறுதி) சந்தா இவ்வாண்டும் ஏறிவிட்டது. அனைவருக்குமான மருத்துவக் காப்பில் மலேசியா இந்த வட்டாரத்துக்கே முன்னோடி என்று நாளிதழில் படித்தேன். அப்படியானால் அட்டையை ரத்துச் செய்துவிட்டு அரசாங்க மருத்துவமனையை நம்பலாமா? நாளைக்கு இன்னொரு கோவிட் வந்தால் எங்கள் கதி என்ன? (ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு)

பதில்: முன்னோடி என்பது பொய் இல்லை. ஆனால் அந்தப் பெருமையில் உங்கள் அப்பாவுக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி. அவர் பெயர் ஏதாவதோர் அரசாங்க கிளினிக்கில் பதிவாகியிருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மருந்தைத் தனியார் கிளினிக்கில் வாங்குகிறார் என்றே ஊகிக்கிறேன்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், தாய்லாந்து, ஒரு வருகைக்கு 30 பாட் மட்டும் கட்டும் மருத்துவக் காப்புத் திட்டத்தை 2002இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தபோது ஒவ்வொருவர் பெயரையும் வீட்டுப் பக்கத்திலுள்ள ஒரு சிகிச்சை நிலையத்தோடு முடிச்சுப் போட்டது. தலைக்கு இவ்வளவு என்று பணம் முன்கூட்டியே அங்கே போய்விடும். ஆள் வராவிட்டாலும் கணக்கில் இருப்பார். கிராமங்களில் சுமார் 10 லட்சம் சுகாதாரத் தொண்டர்கள் வேறு. நம் ஏற்பாடு அப்படியன்று. வரிப்பணத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். நுழைவதற்கு 1 வெள்ளி (ரிங்கிட்). 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் கிடையாது. நுழையாதவரைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை. தோட்டத்தில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) லயத்துக்கே வந்து காய்ச்சலா என்று கேட்ட காலம் போய்விட்டது.

நம்மவர்களுக்கு இது சின்ன விஷயம் அன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு.

அட்டை விவகாரத்துக்கு வருகிறேன். அரசாங்க மருத்துவமனை எதில் கைகொடுக்கும், எதில் காத்திருக்க வைக்கும் என்று தெரிந்தால் முடிவு தானாக வரும். மாரடைப்பு, விபத்து, தொற்றுக் காய்ச்சல், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரை, இவற்றுக்கு அதை நம்பலாம். நானும் நம்புகிறேன், என் குடும்பமும் அங்கேதான் போகிறது. மூட்டு மாற்று போல அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைக்கு வரிசை நீளம். உள்ளே பொருத்தும் கருவிக்குப் பல வேளைகளில் நோயாளியே பணம் கட்ட வேண்டும். குறைந்த வருமானத்தினருக்கான அரசாங்கத்தின் ரஹ்மா உதவித் தொகை பெறும் குடும்பமாக இருந்தால், பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் இத்தகைய கருவிகளுக்கு 20,000 வெள்ளிவரை உதவி கிடைக்கும். அதே திட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவருக்கு இலவச உடல் பரிசோதனையும் உண்டு. தனியாக மனுப் போட வேண்டியதில்லை. அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தகுதியைச் சரிபார்த்தால் போதும். அம்மாவுக்கு இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். 57 வயதில் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லும் அம்மாக்களைத்தான் எனக்கு அதிகம் பயம்.

ஆக, மருத்துவ அட்டையில் நீங்கள் விலைக்கு வாங்குவது பெரும்பாலும் நேரத்தை. அந்த நேரம் இந்த விலைக்குத் தகுமா என்பது உங்கள் வீட்டு வரவு செலவு. ஆனால் கோபத்தில் ரத்துச் செய்யாதீர்கள். 62 வயதில், இரண்டு நோயோடு, விட்ட அட்டையை அதே நிபந்தனையில் திரும்ப வாங்க முடியாது. புதிய காப்புறுதியில் ஏற்கெனவே உள்ள நோய்களை ஒதுக்கிவிடுவார்கள். குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பு வேறு. சந்தா உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் காப்புறுதி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஏற்பாடு 2026 இறுதிவரைக்கும். உங்களுக்கு ஏறிய சந்தா அதற்கு உட்பட்டதா என்று முகவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் திட்டத்துக்கு மாறினால் சந்தா இறங்கும். அவசரச் சிகிச்சைக்கும் அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அந்தப் பங்கு கிடையாது. சில அட்டைகள் அரசாங்க மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று படியும் தருகின்றன. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று. அம்மாவை நிபுணரிடம் காட்ட வேண்டி வந்தால், தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. அரசாங்க கிளினிக் கடிதம் என்றால் 5 வெள்ளி.

இன்னொரு கோவிட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1879இல் இங்கே பிறந்த டாக்டர் வு லியன் தே, 1910இன் இறுதியில் மஞ்சூரியாவுக்குப் போய், அங்கே பரவிய பிளேக் மூச்சுக்காற்றில் தொற்றுகிறது என்று கண்டுபிடித்து, எல்லாருக்கும் துணி முகக்கவசம் கட்டச் சொன்னார். அதை ஏளனம் செய்து கவசமின்றி வார்டுக்குள் போன பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களில் இறந்தார். நாமும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள் இல்லை. 1998இல் பேராக்கில் தொடங்கிய காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்துக்கொண்டிருந்தோம். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், பன்றிகளிடமிருந்து தொற்றிய நிப்பா கிருமி பிடிபட்ட பிறகுதான் பன்றிப் பண்ணைகள் பக்கம் முழுக் கவனமும் திரும்பியது. 105 பேர் இறந்தார்கள்.

2025 மே 20 அன்று ஜெனிவாவில் உலக நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. அதில் சேரும் நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் தயாராகும் தடுப்பூசியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் கப்பலில் வரும் ஊசி யார் கைக்கு முதலில் போகும்? 2021இல் முன்களப் பணியாளர்களுக்கு அடுத்த வரிசை மூத்தவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் கிடைத்தது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர் அந்த வரிசையில் எப்படி நிற்பார்?

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய வாரத்தில் ஒரு பெரியவர் என் முன்னால் பிஸ்கட் டின் ஒன்றை வைத்தார். தனியாரில் வாங்கிய மாத்திரை, எங்கள் அரசாங்க கிளினிக்கில் வாங்கியது, மருமகன் கொடுத்தது எல்லாம் அதில் கிடந்தன. இரண்டு வேறு நிறப் பட்டைகளில் இருந்தது ஒரே இனிப்பு நீர் மாத்திரை, மெட்ஃபார்மின். இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தவர்களுக்கோ மருந்து தபாலிலேயே வீட்டுக்குப் போயிற்று. அந்தச் சேவை கோவிட்டுக்கு முன்பிருந்தே இருப்பதுதான்.

அடுத்த வாரமே அப்பாவை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்துகொள்ளலாம். அடையாள அட்டை, தனியார் மருத்துவரின் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு இரண்டும் வேண்டும். இனிப்பு நீர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு புத்தகம் தருவார்கள். கண், கால் பரிசோதனை எப்போது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இலவச இன்ஃபுளுவென்சா ஊசி பற்றியும் கேளுங்கள்.

வீட்டிலுள்ள மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தீர்ந்துபோன பட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள். அப்பா எதை ஒழுங்காக விழுங்குகிறார், எதை விட்டுவிடுகிறார் என்பது அவற்றை எண்ணினால் தெரிந்துவிடும்.