ரீயூனியனுக்கு ஒரு நாள் போதாது

கேள்வி: மொரீஷியஸில் வேலை பார்க்கும் மகனிடம் மே மாதம் போகிறோம். பக்கத்தில் ரீயூனியன் என்று ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது, ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்கிறான். கறுப்புக் கல்லைப் பார்க்கவா இவ்வளவு செலவு என்கிறார் என் கணவர். எனக்கு எரிமலை என்றாலே பயம். நம் ஏற்காடும் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததுதான் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஏற்காடு எரிமலை இல்லை. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை பூமிக்குள் வெகு ஆழத்தில், சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னால் உருவானது. ரீயூனியன் கடலுக்கு மேலே தலைகாட்டியே 20, 30 லட்சம் வருஷம்தான் ஆகிறது. ஆனால் 6.6 கோடி வருஷத்துக்கு முன் மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய ஊற்றுக்கண்தான் இன்று அந்தத் தீவுக்கு அடியில் இருக்கிறது என்கிறார்கள் புவியியலாளர்கள். இந்தியா அதைவிட்டு வடக்கே நகர்ந்து வந்துவிட்டது.

பயம் வேண்டாம். பிதோன் த லா ஃபூர்னேஸ் என்கிற அந்தத் தீவின் எரிமலை அடிக்கடி பொங்கும், ஆனால் பெரும்பாலும் ஆள் குடியிருக்காத பள்ளத்துக்குள்தான். பொங்கும் அறிகுறி தெரிந்தால் உள்ளே இறங்கும் பாதையை மூடிவிடுவார்கள். ஊர் மக்களோ இரவில் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்புவார்கள்! 1977-ல் ஒருமுறை பள்ளத்துக்கு வெளியே பொங்கிய குழம்பு பிதோன் செய்ன்ட் ரோஸ் ஊருக்குள் வந்துவிட்டது. அங்கே மாதா கோயிலின் வாசல்வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து நின்றுபோனது. கல்லாய் உறைந்த அந்தக் குழம்பை இன்றும் கையால் தொடலாம்.

உங்கள் கணவரைக் கட்டாயம் தென்கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போங்கள். எரிமலைக் குழம்பு பலமுறை அழித்து, திரும்பத் திரும்பப் போட்ட சாலை அது. எந்த வருஷம் எந்த இடத்தில் இறங்கியது என்று ஓரத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். நான் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறங்கினேன். புதிய பாறையில் சாம்பல் நிறப் பாசி மட்டும் ஒட்டியிருந்தது. கொஞ்சம் பழையதில் வெடிப்புக்கு ஒன்றாகப் பெரணி. இன்னும் பழையதில் காடே எழுந்துவிட்டது. 2007-ல் ஓடிய குழம்பின்மேல் மழை விழுந்தால் பல வருஷம் கழித்தும் ஆவி கிளம்பியதாம். மண் பிறப்பதை இப்படி வரிசையாகப் பார்க்க வேறெங்கே முடியும்? அதைக் கறுப்புக் கல் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஒரே நாளில் இதெல்லாம் ஆகாது. எரிமலை முகப்புக்கு விடியற்காலையே போய்விட வேண்டும், பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். மாடு மேயும் பச்சைப் புல்வெளியைத் தாண்டியதும் சாலை திடீரென்று சிவப்பும் கறுப்புமான மணல்வெளிக்குள் இறங்கும். சத்தமே இல்லை. அங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள். அப்புறம் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிலாவோஸ் ஊர். அதன் மலைப்பாதையில் 400-க்கு மேல் வளைவு என்பார்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுக்கே தலை சுற்றுபவர் என்றால் முன் சீட்டில் உட்காருங்கள். சலாஸி பக்கம் வேலியெல்லாம் சௌசௌக் கொடி, பாறையெல்லாம் அருவி. கரும்பு வேலைக்குப் போன நம்மவர்களின் வழிவந்தவர்கள் நிறைய. தமிழ் பேசுபவர் குறைவு, ஆனால் காவடியும் தீமிதியும் உண்டு.

கடற்கரைக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்காதீர்கள். சுறா பயத்தால் பவளப்பாறைத் தடுப்புக்கு வெளியே குளிக்க 2013-லேயே தடை போட்டார்கள். மே மாதம் நல்ல முடிவு: புயல் பருவம் முடிந்திருக்கும். 1966 ஜனவரியில் ஒரு புயலில் அங்கே 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது, சேலத்தில் ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது.

மூன்று இரவாவது தங்குங்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். தீவு பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் விசா செல்லாது. விசா விவரத்தை இங்கேயே விசாரித்துவிடுங்கள். யூரோவில்தான் செலவு. மேலே நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். சைவம் என்றாலும் கவலையில்லை, வேளாவேளைக்குச் சோறும் பருப்பும் கிடைக்கும். சிலாவோஸிலேயே விளையும் பருப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.