சைக்கிளில் போய்ப் போர் செய்ய முடியுமா? உண்மையில் அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஆனால் சைக்கிளில் உட்கார்ந்தபடி சண்டை போடவில்லை. சண்டைக்களம்வரை வேகமாகப் போவார்கள், இறங்கியபின் சாதாரணக் காலாட்படைதான். குதிரைக்குத் தீனி, தண்ணீர், ஓய்வு எல்லாம் வேண்டும். சைக்கிளுக்குக் காற்றும் கொஞ்சம் எண்ணெயும் போதும். இரவில் சத்தமும் வராது. 1880-களிலிருந்தே ஐரோப்பியப் படைகள் இதில் அக்கறை காட்டியது அதனால்தான்.

பலவீனம் எங்கே என்பதை 1897-ஆம் ஆண்டுப் பயணம் காட்டிவிட்டது. அமெரிக்காவின் 25-ஆம் காலாட்படை ரெஜிமெண்டைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள், லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் தலைமையில், மான்டனாவின் மிசூலா கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸுக்குச் சுமார் 3,000 கி.மீ. போனார்கள். 41 நாள் பிடித்தது. மழையில் மண்சாலை சேறாகிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டபோது, ரயில் பாதையின் கட்டைகள்மேல் குலுங்கக் குலுங்க ஓட்டினார்கள். நெப்ராஸ்காவின் மணலில் அதுவும் முடியாமல் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

சாலை நன்றாக இருந்தால் கதையே வேறு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படைக்கு, பிரிட்டிஷார் போட்டுவைத்த தார்ச்சாலைகளே உதவின. பின்வாங்கியவர்கள் பாலங்களைத் தகர்த்தார்கள், லாரிகள் நின்றன. சிப்பாய்களோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிட்டார்கள். வெயிலில் டயர்கள் வெடித்தன. பஞ்சர் ஒட்டக் கம்பெனிதோறும் ஆள் இருந்தும் வேலை தீரவில்லை. போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் அங்கே நிறைய விற்பனையாகியிருந்ததால் உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைத்தது. டயர் போனவர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இருட்டில் அந்த இரைச்சலை டாங்கி என்று எதிரிகள் நினைத்ததும் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

என் பார்வையில் சைக்கிளின் உச்சம் 1954-இல், வியட்நாமின் தியன் பியன் பூ. பிரெஞ்சுப் படையை அங்கே முற்றுகையிட்ட வியட்நாமியப் படைக்குச் சைக்கிள்களில் சரக்குப் போனது. அங்கே யாரும் மிதிக்கவில்லை, தள்ளினார்கள். ஹேண்டில்பாரில் நீளமான மூங்கிலைக் கட்டினால் பக்கத்தில் நடந்தபடியே திருப்பலாம். சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்திக் கட்டிய கம்பு, தள்ளவும் இழுத்துப் பிடிக்கவும். சட்டத்துக்கு மரமோ இரும்போ வைத்துப் பலம் கொடுத்தார்கள். டயருக்குள் பழந்துணியைச் சுற்றி டியூபைக் காத்தார்கள். பாரத்தைச் சக்கரங்கள் தாங்க, மனிதருக்கு மிஞ்சுவது சாயாமல் பிடிக்கும் வேலை மட்டுமே. அதனால் மூட்டைகள் தாழ்வாக, இரண்டு பக்கமும் சம எடையில் இருந்தாக வேண்டும். தோளில் 20, 25 கிலோ சுமக்கிறவர் இப்படி 200 கிலோவுக்கு மேல் கொண்டுபோனார். மா வான் தாங் என்பவர் 352 கிலோ ஏற்றியது சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. செங்குத்தான ஏற்ற இறக்கங்களில் மட்டும் ஒரு வண்டிக்குப் பல கைகள் தேவைப்பட்டன.

நீண்ட காலம் தாக்குப்பிடித்தது சுவிட்சர்லாந்தின் சைக்கிள் படை. 1891-இல் தொடங்கியது. 1905-ஆம் ஆண்டு மாடல், கியரே இல்லாத, 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி. மலைநாட்டில் அதையே 1990-கள்வரை ஓட்டினார்கள். பிறகு 7 கியர் வண்டி வந்தது. 2003-இல் படையைக் கலைத்துவிட்டார்கள்.