குற்றவாளி என்று தெரிந்தே வாதாடும் வக்கீலுக்கு மனசாட்சி உறுத்தாதா?

ஏதோ கோர்ட் படம் பார்த்த சூட்டோடு கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். படத்தில் நீதிபதி சுத்தியலால் தட்டுவார். இத்தனை வருடமாகக் கோர்ட்டுக்குப் போகிறேன், அந்தச் சுத்தியலை ஒருநாளும் கண்டதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜூனியராக இருந்தபோது சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு செயின் பறிப்பு வழக்கு கைக்கு வந்தது. ரிமாண்டில் இருந்த பையனுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. செயினைப் பறிகொடுத்தவரோ எங்கள் தெரு டீச்சர். எனக்கே நான்காம் வகுப்பு எடுத்தவர். சீனியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "டீச்சருக்கு அரசாங்கமே வக்கீல் வைத்திருக்கிறது, இவனுக்கு யார்?" என்றார்.

குறுக்கு விசாரணையில் நான் யாரையும் மடக்கவில்லை. "இவரை அதற்குப் பிறகு எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, இவன்தான் என்று காட்டினார்கள்" என்றார். டீச்சருக்குப் பொய் வராது. பலரோடு நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வார்களே, மாஜிஸ்திரேட் முன்னால் நடந்திருக்க வேண்டிய அந்த அடையாள அணிவகுப்பு நடக்கவே இல்லை. பறித்தது ராத்திரி, தெருவிளக்கு எரியாத இடம். செயினைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் ஸ்டேஷனுக்கு டீ கொண்டு வருபவர். சந்தேகத்தின் பலன் பையனுக்குப் போனது, விடுதலை.

அன்றிலிருந்து டீச்சர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா இன்றைக்கும் கேட்கிறார்: "என்கிட்டயாவது சொல்லுடா, அவன் எடுத்தானா இல்லையா?" சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவு, 2023-ல் வந்த புதுச் சட்டத்தில் 132. வழக்கு முடிந்தாலும் இந்தக் கட்டுப்பாடு முடிவதில்லை.

"எல்லாம் காசுக்குத்தானே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். அந்த வழக்கில் கிடைத்தது பெட்ரோலுக்கே பற்றவில்லை. பொய்ச்சாட்சி தயார் செய்கிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவும் இல்லை, அது வேறு. ஆனால், தன் கட்சிக்காரர் குற்றம் செய்தவர் என்று தனக்கே தோன்றினாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கோவையில் வக்கீல்களே சில போலீஸாருக்கு ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். அப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. எங்களுக்குப் பிடிக்காத ஆளுக்கும் அதே விதிதான்.

மனசாட்சி பற்றிக் கேட்கிறீர்களே, வக்கீலுக்கு யாராவது வீடு வாடகைக்குக் கொடுக்கிறீர்களா? போன வருடம் அட்வான்ஸ் வரை பேசி முடித்த பிறகு, என் பைக்கில் இருந்த வக்கீல் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "பையன் வெளியூரிலிருந்து வருகிறான் தம்பி" என்றார் ஒரு வீட்டுக்காரர். இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். மாடியில் குடியிருப்பவர் காலி செய்ய மறுக்கிறாராம்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.