கவுன்சில் கேமராவில் என் கார் இடிபட்ட காட்சி: கேட்டு வாங்க முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். போன வாரம் டவுன் சென்டரில் பார்க்கிங் டிக்கெட் எடுத்து, காரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வலது பக்கத்தில் இரண்டு கதவுகளும் நசுங்கிக் கிடந்தன. இடித்தவர் ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்துவிட்டுப் போகவில்லை. நேர் எதிரே கம்பத்தில் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) கேமரா இருக்கிறது. கவுன்சிலைக் கேட்டால், "போலீஸ் கேட்டால்தான் தருவோம்" என்கிறார்கள். போலீஸோ, யாருக்கும் காயம் இல்லை என்பதால் விசாரிக்கப் போவதில்லை என்று ஒரு ரெஃபரன்ஸ் எண்ணோடு முடித்துவிட்டது. எங்கள் வரிப்பணத்தில் வைத்த கேமரா, பொது இடத்தில் எடுத்த படம். அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பதிவு அழியாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான கவுன்சில்கள் ஏறக்குறைய 31 நாள் வைத்திருக்கும், சில இடங்களில் அதைவிடக் குறைவு. அதன் பிறகு பழையதன் மேல் புதியது தானாகப் பதிவாகிவிடும். இத்தனை நாள் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேவைக்கு மேல் வைக்காதே என்பதுதான் சட்டம்.

ஆகவே இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். கவுன்சிலின் சிசிடிவி பிரிவுக்கும் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் சேர்த்தே போகட்டும். தேதி, தெரு, கார் நின்ற இடம், காரின் நிறம், நம்பர் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். நேரத்தைத் துல்லியமாகச் சொல்வது முக்கியம். "மதியம்" என்று எழுதினால் யாரும் தேட மாட்டார்கள். பார்க்கிங் டிக்கெட்டில் வந்த நேரம் இருக்கும், கடை ரசீதில் கிளம்பிய நேரம் இருக்கும். கடைசியாக இப்படி எழுதுங்கள்: "இன்சூரன்ஸ் கோரிக்கைக்கும் சட்ட நடவடிக்கைக்கும் இந்தப் பதிவு தேவைப்படுகிறது. அழியாமல் தனியாக எடுத்து வையுங்கள். என்னைப் பற்றிய தரவு என்ற முறையில் இதன் நகலையும் கேட்கிறேன்."

போனில் கேட்டாலும் சட்டப்படி செல்லும். ஆனால் கேட்டேன் என்று நிரூபிக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-இன் 173-ஆவது பிரிவுப்படி, ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய தரவை அவருக்குக் கிடைக்கவிடாமல் செய்யும் நோக்கத்தோடு அழிப்பது குற்றம். கேட்காமல் இருந்தாலும் அது அழிந்துதான் போயிருக்கும் என்று கவுன்சில் காட்டிவிட்டால், அதுவே அவர்களுக்கு நல்ல எதிர்வாதம். "அழிக்காமல் எடுத்து வையுங்கள்" என்ற வரியைத் தனியாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, இப்போது உரிமை. இங்கே இரண்டு சட்டங்களை எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வரிப்பணம் என்று நீங்கள் சொல்வது தகவல் சுதந்திரச் சட்டம் 2000-ஐ மனத்தில் வைத்து. அந்தச் சட்டத்தில் உங்களுக்குக் கொடுப்பது உலகத்துக்கே கொடுப்பதற்குச் சமம். அதனால்தான் பிறருடைய தனிப்பட்ட தரவுக்கு அதன் 40-ஆவது பிரிவு பூட்டுப் போடுகிறது. தெருவில் போவோர் வருவோர் முகமெல்லாம் இருக்கும் படத்தை இந்த வழியில் கேட்டால் மறுப்புத்தான் வரும். ஆனால் எத்தனை நாள் பதிவை வைக்கிறார்கள், அன்று அந்தக் கேமரா வேலை செய்ததா, யார் யாருக்குப் பதிவு தருவது என்று கவுன்சில் வைத்திருக்கும் விதிமுறை என்ன, இவற்றைக் கேட்க இந்தச் சட்டம் அருமையானது. 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இதற்குத் தனிச் சட்டம் உண்டு.

இரண்டாவது, தரவுப் பாதுகாப்பு. சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்வெஸ்ட் என்பார்கள். உங்களைப் பற்றிய தரவை நீங்கள் கேட்பது. கட்டணம் கிடையாது. ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். இடிபட்டபோது நீங்கள் கடைக்குள் இருந்தீர்கள், உங்கள் முகம் அந்தப் படத்தில் இல்லை. ஆனாலும் நம்பர் பிளேட் வழியாக அது உங்கள் கார் என்று தெரிவதால், உங்களைப் பற்றிய தரவுதான் என்று வாதிடலாம். நல்ல வாதம்தான், எதிர்ப்பு வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். படத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் முழுவதையும் மறுக்கக் கூடாது. மறைக்க வேண்டியதை மறைத்துத் தர முடியுமா என்று கவுன்சில் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு வேண்டியதே அவர்கள் மறைக்கப்போகும் பகுதிதான். எல்லாம் சட்டப்படி நடந்து வென்றாலும், நம்பர் பிளேட் மங்கலாக்கப்பட்ட ஏதோ ஒரு கார் உங்கள் காரை இடித்துவிட்டுப் போகும் அழகான காட்சி கைக்கு வரலாம்.

கவுன்சில்கள் இவ்வளவு தயங்குவதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1995-இல் எசெக்ஸ் மாவட்டத்தின் பிரென்ட்வுட் நகரில், மனமுடைந்த நிலையில் கையில் கத்தியோடு தெருவில் நடந்த ஒருவரைக் கவுன்சில் கேமரா படம்பிடித்தது. அதைப் பார்த்துப் போலீஸ் வந்து அவரைக் காப்பாற்றியது. அதுவரை நல்லதுதான். பிறகு கேமராக்களின் பெருமையைக் காட்ட, அந்தப் பதிவைக் கவுன்சில் ஊடகங்களுக்குக் கொடுத்தது. முகம் சரியாக மறைக்கப்படாததால் தெரிந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் நடந்தது என்பதற்காக அந்தரங்க உரிமை இல்லாமல் போகாது என்பது அதன் சாரம். பொது இடம்தானே என்ற உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, கவுன்சில் அதை உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2018 சட்டத்தின் 2-ஆவது அட்டவணை, 5-ஆவது பத்தி: சட்ட உரிமையை நிலைநாட்டவோ வழக்குக்காகவோ சட்ட ஆலோசனை பெறவோ தேவை என்றால், பிறருடைய தரவையும் வெளியிடலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கொடுப்பதற்கு அனுமதி இருக்கிறது. "போலீஸ் கேட்டால்தான்" என்பது அவர்களுடைய வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனமும் சொலிசிட்டரும் (வழக்கறிஞரும்) கேட்டால் பல கவுன்சில்கள் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. எனவே உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். கோரிக்கை போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் விபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் அநேகமாக இருக்கும். உங்களுடையது மூன்றாம் தரப்புப் பாலிசி (பிறருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கு மட்டுமான காப்பீடு) மட்டும் என்றால் அவர்களுக்கு இதில் அக்கறை குறைவு. அப்போது நீங்களே அந்தப் பத்தியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முழுப் பதிவையும் கேட்காதீர்கள். இடித்த காரின் நம்பரையும் இடித்த அந்தச் சில வினாடிகளையும் மட்டும் கேளுங்கள். கொடுப்பதற்கு எளிதாக இருப்பதைத்தான் அதிகாரிகள் கொடுப்பார்கள்.

நம்பர் கிடைத்துவிட்டால் மீதி சுலபம். வாகன இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பொது அமைப்பான மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவின் இணையத் தேடலில் அந்தக் காரின் இன்சூரன்ஸ் நிறுவனம் தெரிந்துவிடும். பொருள் சேதத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருப்பதால் அங்கே அவசரம் இல்லை.

போலீஸையும் விட்டுவிட வேண்டாம். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1988-இன் 170-ஆவது பிரிவின்படி, வாகனத்துக்கு மட்டும் சேதம் என்றாலும் இடித்தவர் நின்று விவரம் தர வேண்டும், இல்லையேல் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். ரெஃபரன்ஸ் எண்ணோடு 101-க்கு (அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண்) பேசி, விசாரிக்காவிட்டாலும் பதிவையாவது பத்திரப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

நீதிமன்றம் வழியாகவும் ஒரு கதவு உண்டு. இடித்தவர் யார் என்று தெரியாத நிலையில், அது தெரிந்த மூன்றாம் தரப்பைச் சொல்ல வைக்கும் நார்விச் ஃபார்மக்கல் ஆணை. ஆனால் கவுன்சிலின் செலவையும் பெரும்பாலும் நீங்கள்தான் ஏற்க வேண்டிவரும். இரண்டு கார் கதவுகளுக்காக நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால் முதலில் கவுன்சிலிடம் புகார், அப்புறம் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம். அவர்கள் கவுன்சிலைக் கண்டிக்கலாம், நஷ்டஈடு வாங்கித் தர மாட்டார்கள்.

பதிவு கையில் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். எந்தக் காரணத்துக்காக வாங்கினீர்களோ அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, டவுன் சென்டர் கேமராக்களில் பல சுழலும் வகை. உங்கள் கார் இடிபட்ட நிமிடத்தில் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் அந்தத் தெருவில் வாசலைப் பார்த்துக் கேமரா வைத்திருக்கும் கடைகளிலும் இன்றே கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கும் இதேதான். பதிவை எத்தனை நாள் வைப்பது என்பது மட்டும் கடைக்குக் கடை மாறும்.