மருத்துவ இடத்துக்காக வளவு வீட்டுப் பங்கை விற்க வேண்டாம்

ஆச்சி, நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் அரசு இடத்துக்குப் போதிய மதிப்பெண் பெறாத உங்கள் மகளை, பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வளவு வீட்டில் உங்களுக்குள்ள பங்கை விற்றாவது மருத்துவம் சேர்க்கலாமா, அவள் விருப்பப்படி விலங்கியலுக்கே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை, பங்கை விற்காதீர்கள்.

கல்விக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்கு இருபது லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. விடுதிச் செலவையும் சேர்த்தால் எம்.பி.பி.எஸ். முடிவதற்குள் ஒரு கோடி கரைந்துவிடும். பிறகு உறவினர்களே மேற்படிப்பு எங்கே என்று கேட்பார்கள். பினாங்கிலிருக்கும் பெரியப்பச்சி கொடுத்து உதவுவதாகச் சொல்வதும் கடன்தான். இவ்வளவு கணக்கிலும் மகளின் நாட்டம் ஒரு வரியில்கூட வரவில்லை.

அவள் கொண்டுவந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் எந்த மரத்தில் எத்தனை கூடு, மடைக்கல்லில் தண்ணீர் எதுவரை நின்றது, நத்தைகுத்தி நாரைகள் கண்மாயின் எந்த ஓரத்தில் மேய்ந்தன என்று தேதியிட்டுக் குறித்திருக்கிறாள். பறவையை ரசிப்பவர்கள் பலர். அது வாழும் இடத்தைக் கணக்கெடுப்பவர்கள் குறைவு. 1977இல் சரணாலயமான அந்தக் கண்மாய்களின் கரையில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்மாய்களைப் பறவைகளுக்கு உகந்ததாக வைத்திருப்பது ஒரு தொழிற்படிப்புக்குரிய வேலை என்பதுதான் பலருக்குத் தெரியாது.

வனத்துறைத் தேர்வுகளைப் பற்றி உறவினர்களே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது வாழிட மீட்பு, அதாவது கெட்டுப்போன இடத்தை மறுபடி பறவைகள் வாழ ஏற்றதாக்கும் வேலை. சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். வேரோடு பிடுங்கினாலும், நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை பரவி மறு மழைக்கு முளைக்கும். ஆகவே ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதே மரத்தில் நாரை கூடு கட்டியிருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை கை வைக்கக் கூடாது என்பதோடு, நாட்டுக்கருவேலம் வளர்ந்து கூடு தாங்கும்வரை பகுதி பகுதியாகத்தான் அகற்ற வேண்டும். அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் வருமானத்துக்கும் வழி சொல்லியாக வேண்டும். தூர்வாரும்போது கண்மாய் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிட்டால், நாரை நடந்து நத்தை பொறுக்கும் முழங்கால் தண்ணீர் இல்லாமல் போகும். (ஜேசிபியை இறக்கி வழித்துவிட்டுக் கரையில் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்பவர்களிடம் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?) இராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டன. பட்டியலில் சேர்ந்தால் மட்டும் போதாது. தண்ணீரையும் மரத்தையும் பறவையையும் சேர்த்துப் படித்துத் திட்டம் எழுதுபவர்கள் அங்கெல்லாம் தேவைப்படுகிறார்கள்.

படிப்பு வழி எளிது. அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் அல்லது தாவரவியல் இளங்கலை. அங்கே ஓர் ஆண்டுக் கட்டணம் நீங்கள் நீட் பயிற்சிக்குக் கட்டியதில் சிறு பங்குகூட வராது. பிறகு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ உதகை அரசு கலைக் கல்லூரியிலோ வனவிலங்கு உயிரியல் முதுகலை. நுழைவுத் தேர்வுக்கு உழைத்தால் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம்.

பாதகத்தையும் மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அறிவியல் ஆய்வுக்கும் விரிவுரையாளர் பணிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று, முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு முதுகலையில் சேர்ந்த நாளிலிருந்தே தயாராக வேண்டும். வெயிலிலும் சேற்றிலும் நிற்கும் வேலை என்பதால் பெண் பிள்ளைக்கு ஆகாது என்று அப்பத்தா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கண்மாய்க் கரையில் நின்று நோட்டை நிரப்பியவள் அவர் பேத்திதான்.

மூன்றாம் முறையும் நீட் எழுதட்டும் என்கிறார் அவள் அப்பச்சி. அவளாகக் கேட்டால் எழுதட்டும். உங்கள் கட்டாயத்துக்காக இன்னோர் ஆண்டை இழக்க வேண்டாம். கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள், விலங்கியல் முதல் விருப்பமாகவும் தாவரவியல் அடுத்ததாகவும் இருக்கட்டும். பங்கை வாங்க வந்தவரிடம் கொடுப்பதாக இல்லை என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.