பழைய மரவேலை மெஷின் வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கராஜோடு ஒரு வாடகை வீடு அமைந்துவிட்டது, கையில் தச்சு வேலை இருக்கிறது, கல்லூரி ஒன்று ஏலத்தில் விடும் பழைய வாட்கின் (பிரிட்டிஷ் மரவேலை மெஷின் கம்பெனி) டேபிள் சாவை, அதாவது மேசை நடுவே வட்டப் பிளேடு சுற்றும் ரம்பத்தை, எடுக்கலாமா, மேசையெல்லாம் துருவாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். கல்லூரி மெஷின் என்றால் எனக்கு இன்னும் விருப்பம். தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் ஓடித் தேய்ந்ததைவிட அது குறைவாகவே ஓடியிருக்கும், காவல் தகடுகளும் அவசர நிறுத்தப் பொத்தானும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் துருவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் மோட்டாரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. துருவை ஒரு வார இறுதியில் தேய்த்து எடுத்துவிடலாம், மோட்டார் விஷயம் அப்படியில்லை.

இங்கே வீட்டுக்கு வருவது 230 வோல்ட் சிங்கிள் பேஸ், அதாவது ஒரே உயிர்க்கம்பியில் (லைவ்) வரும் மின்சாரம். கல்லூரி, பட்டறை மெஷின்களில் பாதிக்கு மேல் மூன்று உயிர்க்கம்பிகள் கேட்கும் த்ரீ பேஸ். அவை மலிவாகப் போவதற்கு முக்கியக் காரணமே இதுதான், வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்கள் ஏலத்தில் போட்டிக்கு வருவதில்லை. ஏலத்துக்கு முன் பார்வையிட ஒரு நாள் கொடுப்பார்கள். அன்றைக்குப் போய் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 240/415 என்பதுபோல் இரண்டு வோல்டேஜ் போட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்ளே மூன்று காயில்களையும் ஒரே முனையில் சேர்க்கும் ஸ்டார் இணைப்பை, முக்கோணமாகச் சேர்க்கும் டெல்டாவுக்கு மாற்றி, சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி. என்ற மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வைத்து ஓட்டலாம். 415 மட்டும் இருந்தால் ஸ்டார் முனை காயிலுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்து அதை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டாரையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஏலத்தில் கையைத் தூக்குங்கள். ஏலத் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் வாட் வரியும் உண்டு, குறித்த தேதிக்குள் தூக்கிக்கொண்டு போவதும் உங்கள் பொறுப்பு.

வி.எஃப்.டி. வைப்பவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதற்கும் மோட்டாருக்கும் நடுவே மெஷினின் பழைய சுவிட்ச் இருக்கக் கூடாது. மோட்டார் கம்பி நேராகப் போக வேண்டும். ஸ்டார்ட், ஸ்டாப் பொத்தான்களை வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகளில் இணைக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது, அதையும் செட்டிங்கில் சரிபாருங்கள். சிங்கிள் பேஸ் மெஷினாக இருந்தால் இதே வேலைக்கு நோ வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் என்று கிடைக்கிறது. சாதாரண விளக்கு சுவிட்ச் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு சேராதீர்கள்.

சுவர் பிளக் 13 ஆம்பியர், சுமார் 3 கிலோவாட்தான் தாங்கும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். பெரிய மோட்டாருக்கு 16 ஆம்பியர் நீல சாக்கெட்டோடு தனி சர்க்யூட் வேண்டும். அப்படிப் புது சர்க்யூட் இழுப்பது இங்கிலாந்தில் கட்டட விதிகளின்படி தெரியப்படுத்த வேண்டிய வேலை. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம், அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வயரிங் செய்யாதீர்கள். அவர்களுடைய 240 வோல்ட் இரண்டு உயிர்க்கம்பிகளில் வருகிறது, நம்முடையது ஒன்றில்.

மின்சாரம் ஒத்துவந்தால் மெஷினைப் பாருங்கள். வார்ப்பிரும்பில் விரிசலோ ஒட்டுப்போட்ட தழும்போ இருந்தால் விட்டுவிட்டு நடங்கள். பிளேடு மாட்டும் தண்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அது பெரிய விஷயமில்லை, பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும். தண்டு வளைந்திருந்தால்தான் தலைவலி. பழைய பிரிட்டிஷ் மெஷின்களில் போல்ட் எல்லாம் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு, மெட்ரிக் ஸ்பேனர் போட்டு முனையை மழுக்கிவிடாதீர்கள்.

இல்லாத பாகங்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மரத்தை ஒட்டித் தள்ளும் வேலி (ஃபென்ஸ்) இல்லையென்றால் வேறு பொருத்தலாம். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இல்லாத டேபிள் சாவை ஓட்டவே ஓட்டாதீர்கள். அறுத்த மரம் பிளேடைக் கவ்வி உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பி வருவதைத் தடுப்பது அதுதான். புதிதாகச் செய்து போட்டாலும், பிளேடின் தகட்டைவிடக் கொஞ்சம் தடிமனாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மேசை மட்டத்தில் பல்லுக்கும் அதற்கும் 8 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. அதே ஏலத்தில் இழைப்பு மெஷினும் கண்ணில் படும். அதன் கட்டர் பிளாக் (கத்திகளைத் தாங்கிச் சுழலும் கட்டை) சதுரமாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கத்திகளுக்கு நடுவே விரல் ஆழமாக இறங்கும் இடம் அதில் உண்டு. உருளை வடிவப் பிளாக்தான் வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பிக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் அந்தத் தூசி குழந்தைகள்வரை போகும். பெயிண்ட் உரிக்கும் திரவம் தடவி, ஈரமாகவே சுரண்டி எடுங்கள். பிரேக் உள்ள பழைய மோட்டாரென்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இங்கே முழுவதும் தடையானது 1999-இல்தான், அதற்கு முந்தைய பிரேக் பட்டைகளில் அது இருந்திருக்கக்கூடும்.

கடைசியில் உங்கள் துருவுக்கு வருகிறேன். மேசைக்கு ரேசர் பிளேடு, வைட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைப்பான்), தேய்க்கும் பட்டை போதும். மின் உப்புத்தாள் மெஷினை ஒரே இடத்தில் அழுத்தினால் குழி விழும். சின்னப் பாகங்களை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். சலவைச் சோடா கரைத்து மின்சாரம் பாய்ச்சும் முறையும் நல்லதுதான், ஆனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள், ஹைட்ரஜன் கிளம்பும். அதில் துருப்பிடித்த பாகம் மைனஸ் முனை, பிளஸ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டால் நச்சுக் குரோமியம் கரையும், சாதாரண இரும்பைப் போடுங்கள். சுத்தமானதும் சிலிகான் இல்லாத மெழுகு பூசுங்கள், சிலிகான் மரத்தில் ஒட்டினால் வார்னிஷ் பிடிக்காது.

முதல் ஓட்டத்தைப் பிளேடைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். தண்டு தலைகீழாகச் சுற்றினால் மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை, மெயினை அணைத்துவிட்டு, இடம் மாற்றினால் போதும். அதற்கடுத்து பிளேடைப் போட்டு, மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு இணையாக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

நாளைக்கு ஆர்டர் எடுத்துக் கூலிக்கு வேலை செய்யத் தொடங்கினால் 1998-இன் வேலைக்கருவி விதிகள் உங்களுக்கும் பொருந்தும். அப்போது பிளேடு 10 வினாடிக்குள் நிற்கும்படி பிரேக் கேட்பார்கள், தூசி உறிஞ்சியும் கேட்பார்கள். வி.எஃப்.டி. வைத்திருந்தால் பிரேக்கை அதிலேயே ஏற்பாடு செய்ய முடியும், அதனால் வாங்கும்போதே அந்த வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.