ஆத்தங்கரை ஊருல எத்தனை வீடு, எத்தனை ஆளு? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஒரு பத்தி எழுதியிருந்தேன், காவிரி டெல்டாவுல ஒரு சின்ன ஊரோட சென்சஸ் கணக்கைப் பாத்துட்டு "இந்த ஊர்ல இத்தனை வீடு, இத்தனை ஆளு, அவ்ளோதான்"னு சட்டுனு முடிவு கட்டிடாதீங்கன்னு. அதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு, இந்த வாரம் அதுக்கே இடம் குடுத்துடறேன். நான் திருத்துறைப்பூண்டி பக்கம் பொறந்து வளந்தவ, டீச்சரா இருந்தப்போ 2001லயும் 2011லயும் கணக்கெடுக்க வீடு வீடா ஏறி இறங்கினவ, அதனால இது எனக்குக் கால்ல சேறு ஒட்டின விஷயம்.

கேள்வி: அக்கா, எங்க திருவாரூர் மாவட்டத்துல 2011 கணக்குப்படி 1,000 ஆம்பளைக்கு 1,017 பொம்பளைங்க இருக்காங்களாம். மாநிலத்துக்கே 996தான். நாம பொண்ணுங்கள நல்லா வளக்கறோம்னு அர்த்தமா? – கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: அப்படி இருந்தா எனக்கும் சந்தோஷம்தான் கண்ணு, ஆனா அந்த நம்பர் அதைச் சொல்லல. பொண்ணு பொறக்கறதப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா 6 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க கணக்கத் தனியா பாக்கணும், அதுல மாநிலத்துக்கே 943தான் வந்துச்சு. நீ சொல்ற 1,017 வேற கதை. பக்கத்துல நாகப்பட்டினம் 1,025, அப்போ மயிலாடுதுறை பிரியல, அதையும் சேத்துதான், தஞ்சாவூர் 1,035. மூணு மாவட்டத்துலயும் ஒரே மாதிரி பொம்பளைங்க கூட இருக்காங்கன்னா ஆம்பளைங்க எங்க போனாங்கன்னுதான மொதல்ல கேக்கணும்? திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையில கட்டட வேலை, முத்துப்பேட்டை கூத்தாநல்லூர் பக்கம்னா சிங்கப்பூர், துபாய், சவுதி.

இன்னொரு கணக்கையும் சேத்துப் பாரு. 2001ல திருவாரூர் மாவட்டத்துல 11,69,474 பேரு, 2011ல 12,64,277 பேரு. பத்து வருஷத்துல 8 சதவீதம்தான் கூடியிருக்கு, அதே பத்து வருஷத்துல தமிழ்நாடு 15.6 சதவீதம் கூடுச்சு. நாகையும் தஞ்சையும் எட்டரை பக்கம்தான். புள்ளை பெத்துக்கறது குறைஞ்சதும் இதுல ஒரு காரணம், ஆனா மாநிலம் பூரா குறைஞ்சதுதான அது, இங்க மட்டும் பாதி ஆகணும்னா ஜனங்க வெளிய போயிருக்கணும்.

அப்புறம் எண்ணுற மாசம்னு ஒண்ணு இருக்கு, இதை யாரும் பேசறதில்ல. 2011ல தலைக்கணக்கு எடுத்தது பிப்ரவரி 9லேருந்து 28 வரைக்கும். பொங்கலுக்கு வந்து பாத்தா நம்ம ஊரு நெரம்பி வழியும், ஆத்தங்கரை பூரா பசங்க, டீக்கடையில ஒக்கார எடம் இருக்காது, காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாளு ராத்திரி பஸ்ஸப் புடிச்சு அத்தனை பேரும் போயிடுவாங்க. நான் நோட்டோட போறப்ப அறுவடை மிஷின் வயல்ல ஓடிட்டிருக்கும், வீட்டுல ஆயாவும் மருமகளும் சின்னப் புள்ளைங்களும்தான். அந்த 20 நாளும் வெளியூர்லயே இருக்கறவங்கள ஊர்க்கணக்குல எழுதக்கூடாதுன்னு விதி, அவங்க திருப்பூர்லயோ சென்னையிலயோ எண்ணப்பட்டிருப்பாங்க, வெளிநாடுன்னா இந்தியக் கணக்குலயே வரமாட்டாங்க. ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு "எம் மவன் பேர எழுதாமப் போறியே டீச்சர், அவன் செத்தா போயிட்டான்"னு அழுதது இன்னும் எனக்கு மறக்கல.

கேள்வி: எங்க தெருவுல பத்து வீட்டுக்கு நாலு வீடு பூட்டியே கெடக்கு. கணக்குல இதெல்லாம் காலி வீடுன்னு வருமா? அப்ப வீடு பத்தலன்னு ஏன் சொல்றாங்க? – நீடாமங்கலம் வாசகர்

பதில்: ஆளு குடியில்லாம, வேற எதுக்கும் பயன்படாம இருந்தா காலின்னுதான் எழுதுவாங்க. சென்சஸ்ல வீடுன்னா தனி வாசல் இருக்கற கட்டடம், குடும்பம்னா ஒரே அடுப்புல சாப்புடறவங்க, இந்த ரெண்டும் வேற வேற. ஒரு ஓட்டு வீட்டுக்குள்ள போனேன், கூடத்துல அம்மா தனியா மண்ணெண்ணெய் ஸ்டவ்வு, தாழ்வாரத்துல பெரிய மவன் கேஸ் அடுப்பு, கொல்லைப்பக்கம் சாய்ப்பு எறக்கி சின்ன மவன் விறகு அடுப்பு. வீடு ஒண்ணு, குடும்பம் மூணு. அதுக்கு எதுத்தாப்புல திண்ணை, ரேழி, முற்றம், ரெண்டாங்கட்டுன்னு தெருவுலேருந்து கொல்லைத் தெரு வரைக்கும் நீளமா ஒரு வீடு, பூட்டு துருப்புடிச்சு, முற்றத்துல அரசங்கன்னு மொளைச்சுக் கெடக்கு. மொத்தமா கூட்டிப் பாத்தா ஊர்ல வீடு மிச்சம் இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா அந்தப் பூட்டின வீட்டுல இந்தச் சின்ன மவன் குடி போக முடியுமா, அது வேற தெரு, வேற சாதி, வாடகைக்குக்கூட விடமாட்டாங்க, இதை மறைச்சுப் பேசி என்ன ஆகப்போகுது.

திருவாரூர் மாவட்டத்துல 34 சதவீதம் பட்டியல் சாதி ஜனங்க, மாநிலத்துல 20தான். ஊரோட ஒரு ஓரத்துல, பெரும்பாலும் பள்ளமான பக்கம், தண்ணி நின்னா மொதல்ல நிக்கற எடத்துல அவங்க தெரு இருக்கும். "காலனி"ங்கற பேர அரசு பதிவேடுகள்லேருந்து எடுக்கறோம்னு 2025ல முதலமைச்சர் சட்டசபையில அறிவிச்சாரு, நல்ல விஷயம். அந்தத் தெருவ கொஞ்சம் மேடாக்கி வடிகாலும் வெட்டிக் குடுத்தாங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.

கேள்வி: கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு, இதுல எது நிரந்தர வீடுன்னு கணக்கு? எங்க தாத்தா கட்டின மண்சுவர் ஓட்டு வீட்டை ஏன் பாதி நிரந்தரம்னு போட்டாங்க? – வேதாரண்யம் வாசகர்

பதில்: சுவரு, கூரை ரெண்டும் உறுதியான பொருளா இருந்தாதான் நிரந்தரம். ஓடு உறுதிப் பட்டியல்ல வரும், மண்சுவரும் சுடாத செங்கல்லும் வராது, அதான் உங்க தாத்தா வீடு பாதியில நின்னுடுச்சு. சுட்ட செங்கல் சுவரு வச்சு சிமென்ட் சீட்டு போட்டா முழு நிரந்தரம். மே மாசம் மத்தியானம் அந்த சீட்டுக்கடியில ஒக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும், உங்க தாத்தா வீடு எவ்வளவோ மேல்.

ஆனா கீத்து வீட்டுக்கு நான் பரிஞ்சு பேசமாட்டேன், குளுகுளுன்னு இருக்கும்னு சொல்றவங்க அதுல ஐப்பசி கார்த்திகை மழைய கழிச்சுப் பாக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கீத்து மாத்தணும், கீத்துக்கும் காசு, வேயற ஆளுக்கும் கூலி, தெருவுல ஒரு வீட்டுல தீ புடிச்சா வரிசையா போயிடும். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் உங்க ஊருப்பக்கமா கரை ஏறுனப்போ என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். கூரை மட்டும் பறக்கல, கீத்து குடுக்கற தென்னையும் சேந்து சாஞ்சுது, அதனால திரும்ப வேயவும் வழியில்லாம தார்ப்பாயப் போட்டுக்கிட்டு மாசக்கணக்கா இருந்தாங்க.

மாடி கட்டறதும் நம்ம மண்ணுல லேசு இல்ல. களிமண்ணு, கோடையில கை நொழையற அளவு வெடிக்கும், மழைக்கு ஊதும், அஸ்திவாரத்த ஆழமாத் தோண்டி ஆத்து மணலக் கொட்டித்தான் எழுப்பணும், தண்ணி நிக்கற எடம்ங்கறதால பேஸ்மட்டத்தயும் ஒசத்தணும். பாதிக் காசு தரைக்குக் கீழயே போயிடும். அரசு குடுக்கற தொகை மேட்டுப்பூமிக்கும் கடைமடைக்கும் ஒண்ணாவே இருக்கறது சரியில்லைங்கறது என் எண்ணம்.

கேள்வி: அக்கா, நாங்க மூணு தலைமுறையா வாய்க்கால் கரையில குடியிருக்கோம். வீட்டுத் திட்டத்துக்கு எழுதிக் குடுத்தா பட்டா இருக்கான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடறாங்க. சென்சஸ்ல மட்டும் "சொந்த வீடு"ன்னு எழுதிக்கிட்டுப் போனாங்களே? – விவசாயக் கூலி வேலை செய்யும் வாசகி, கீழ்வேளூர் பக்கம்

பதில்: தங்கச்சி, இந்த வாரம் வந்ததுலயே என்னைத் தூங்க விடாத கேள்வி இதான். 2011 சென்சஸோட வீட்டுப் பட்டியலுக்கு 35 கேள்வி வச்சிருந்தோம். தரை எதால, சுவரு எதால, கூரை எதால, எத்தனை ரூம்பு, எத்தனை கல்யாணமான ஜோடி, தண்ணி எங்க, கக்கூஸ் இருக்கா, டிவி இருக்கா, சைக்கிள் இருக்கா. சொந்தமா வாடகையான்னு கேட்டோம், அது கட்டடத்தைப் பத்தி. அந்தக் கட்டடத்துக்கு அடியில உள்ள மனை யாருதுன்னு ஒரு கேள்வி இல்ல. டெல்டாவுல ஒரு குடும்பத்தோட கதையே அந்த மனைலதான் இருக்கு, அதைக் கேக்காம கூரையப் பாத்து எழுதிக்கிட்டு வந்துட்டோம்.

பழைய கதை உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியும். பண்ணையாளுக்குக் குடிசை போட எடம் மிராசுதாரோடது, கூலி கூடக் கேட்டா "மனையக் காலி பண்ணு"ன்னு ஒரே வார்த்தை. 1952ல தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் அந்தப் பயம் போகல. உங்க ஊருக்குப் பக்கத்துல கீழவெண்மணியில 1968 டிசம்பர் 25 ராத்திரி கூலித் தகராறுல ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்சிருந்த 44 பேர எரிச்சுக் கொன்னாங்க, முக்காவாசி பொம்பளைங்களும் புள்ளைங்களும். அதுக்கப்புறம் 1971ல குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்துச்சு, அடுத்தவங்க நிலத்துல குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையச் சொந்தமாக்குன சட்டம் அது. நம்ம பக்கத்துல நிறைய பேரு கையில உள்ள மொத பட்டா அதுல வந்ததுதான். அப்புறம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் 1981ல லாஃப்டின்னு நெலமில்லாத விவசாயத் தொழிலாளிங்களுக்கான அமைப்ப ஆரம்பிச்சு நெலத்த வாங்கி பொம்பளைங்க பேருலயே எழுதி வச்சாங்களே, அந்தப் பொம்பளைங்க பேருக்கு எழுதுற விஷயத்த நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன்.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். 2010ல 21 லட்சம் குடிசைய கான்கிரீட் வீடாக்கறதுக்கு ஒரு திட்டம், அடுத்த வருஷம் அதுக்குப் பதிலா 300 சதுர அடி பசுமை வீடு, இப்போ 2024லேருந்து கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபா, 2030க்குள்ள 8 லட்சம் வீடு. ஆட்சி மாறினா பேரு மாறுது, "மனை உங்க பேருல இருக்கா"ங்கற கேள்வி மட்டும் மாறவே இல்ல. அதனால மொதல்ல உங்க எடம் என்ன வகைன்னு தெரிஞ்சுக்கோங்க. வி.ஏ.ஓ. கிட்ட அ-பதிவேட்ட, அதான் ஊர்ல எந்த நெலம் என்ன வகைன்னு எழுதியிருக்கற பதிவேட்ட, பாக்கணும்னு கேளுங்க. நத்தம்னு, அதாவது ஊர்க் குடியிருப்பு நெலம்னு இருந்தா பெரிய சிக்கல் இல்ல, தாசில்தார் ஆபீஸ்ல நத்தம் பட்டாவுக்கு எழுதிக் குடுக்கலாம். ஆட்சேபணை இல்லாத புறம்போக்குன்னா வரன்முறை பண்ணக் கேக்கலாம். வாய்க்கால், ஆத்துப் படுகை, குளத்தங்கரைன்னு நீர்நிலைப் புறம்போக்கா இருந்தா அதே எடத்துல பட்டா கெடைக்காது, அதுக்காக அலைஞ்சு காச விடாதீங்க, மாத்து எடம் வேணும்னு தெருவே சேந்து மனு குடுங்க. கோயில் மனையா இருந்தா இன்னும் கஷ்டம், 1959 அறநிலையத்துறை சட்டப்படி ஆணையர் அனுமதி இல்லாம அதை யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, கட்டுற மனை வாடகைக்கு ரசீது மட்டும் தவறாம வாங்கி வைங்க.

டெல்டாவுல வாய்க்கால் இல்லாத எடம் எங்க இருக்கு சொல்லுங்க. மேடான எடமெல்லாம் முன்னாடியே வச்சிருக்கறவங்க கையில இருந்துச்சு, மிச்சம் இருந்தது கரைதான், அங்க குடியேறினாங்க. அவங்கள ஆக்கிரமிப்பாளர்னு எழுதறப்ப எனக்கு வயிறு எரியுது. வருஷா வருஷம் வருவாய்த்துறைக்காரங்க ஊர்க் கணக்கப் பாத்து மனு வாங்கற ஜமாபந்தி அன்னிக்குத் தெருவோட போங்க, மனு குடுத்துட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காம திரும்பாதீங்க, பொம்பளைங்க பேருலயே கேளுங்க.

கேள்வி: அடுத்த சென்சஸ் வருதுங்கறாங்க. என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு. அவர் பேரச் சொல்லலன்னா ரேஷன் கார்டுலேருந்து எடுத்துடுவாங்களா? – முத்துப்பேட்டை வாசகி

பதில்: பயப்படாதீங்கம்மா, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. 1948 சென்சஸ் சட்டப்படி நீங்க சொல்றத வேற துறைக்கு எடுத்துக் காட்டக்கூடாது, கோர்ட்டுல சாட்சியமாவும் வைக்க முடியாது. 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவுல வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில தலைக்கணக்குன்னு அறிவிச்சிருக்காங்க. போன தடவை விதிப்படி, எண்ணுற நாள் முழுக்க வெளிநாட்டுல இருந்தா அவர் பேரு வராது, நடுவுல லீவுல வந்து ஒரு வாரம் தங்கினாலும் வரும். அதனால அவர் இருக்கறதா சொல்லிட வேணாம், இல்லன்னா இல்லன்னே சொல்லுங்க. அப்பதான் நம்ம ஊருலேருந்து எத்தனை பேரு வெளிய போயிருக்காங்கன்னு கணக்காச்சும் நேரா தெரியும். மாமியார் பக்கத்துல சாய்ப்புல தனியா பொங்கித் தின்னுட்டு இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்களே, அவங்கள உங்களோட சேத்துச் சொல்லாதீங்க, தனி அடுப்பு, தனிக் குடும்பம்னு கணக்கெடுக்கற டீச்சர்கிட்ட வாசல்லயே சொல்லிடுங்க.